காலி மூட்டைகளின் கணக்கு

ஓபியில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வயது 58. பல வருடச் சர்க்கரை நோய். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஃபேட்டி லிவர். ஏஎஸ்டி 46, ஏஎல்டி 38, பிளேட்லெட் 1,80,000. கைபேசியில் தட்டிப் பார்த்தால் ஃபிப்-4 மதிப்பு 2.40. 1.3-க்கு மேல், 2.67-க்குக் கீழ், இரண்டுங்கெட்டான் இடம். இதே ரிப்போர்ட் 28 வயதுக்காரருடையது என்றால் 1.16 வரும், ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இந்த 58 வயதுக்காரரே டெங்கு வந்து போன கையோடு, பிளேட்லெட் 1,20,000 இருக்கும்போது வந்திருந்தால் 3.61. முற்றிய ஃபைப்ரோசிஸ் என்று எழுதிவிடுவோம். டெங்குவில் ஏஎஸ்டியும் ஏறும் என்பதைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு. ஈரலில் இதற்குள் ஒரு நார் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஃபிப்-4-ஐப் பழிப்பது நோக்கமல்ல. 2006இல் எச்ஐவியும் ஹெபடைடிஸ்-சியும் சேர்ந்திருந்த நோயாளிகளிடம் உருவான சூத்திரம் அது. தனிச் செலவில்லை, 1.3-க்குக் கீழ் வந்தால் ஆளை இப்போதைக்கு அனுப்பலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வரம்பை 2.0 ஆக்கிக்கொள்வதும், 35-க்குக் கீழே அதை நம்பாமல் இருப்பதும் நல்லது. ஆனால் அந்தச் சூத்திரத்தில் தழும்பிலிருந்து வரும் பொருள் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இரண்டுங்கெட்டான் இடத்தில் நிற்பவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன், அல்லது தழும்பையே அளப்பதாகச் சொல்லும் ரத்த மார்க்கர்கள் என்று அடுத்த படிக்குப் போகிறோம். உண்மையில் அவை எதை அளக்கின்றன என்பதில்தான் நம்மிடையே மயக்கம் இருக்கிறது.

டைப்-3 புரோகொலாஜன் நாராக மாறும்போது அதன் அமினோ முனைத் துண்டு வெட்டுப்படுகிறது. ரத்தத்தில் நாம் பார்க்கும் பி3என்பி அந்தத் துண்டுதான். வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் காலி சிமென்ட் மூட்டைகளை எண்ணுவது மாதிரி. வேலை எவ்வளவு மும்முரம் என்று தெரியும்; எத்தனை மாடி எழும்பியிருக்கிறது என்று மூட்டை சொல்லாது. குடியை நிறுத்திய சில வாரங்களில் எண் இறங்கினால் வேலை தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். எழும்பிய மாடி அப்படியே நிற்கலாம். மூட்டையில் ‘ஈரல்’ என்ற முத்திரையும் கிடையாது: வளரும் பிள்ளைகளிடம் பி3என்பி இயல்பாகவே அதிகம், நுரையீரல் தழும்பிலும் ஏறும். பழைய பரிசோதனைகள் ஏற்கெனவே உள்ள நார் சிதைந்து வரும் துண்டுகளையும் சேர்த்து எண்ணின. புரோ-சி3 பரிசோதனை, என்சைம் புதிதாக வெட்டிய முனையை மட்டும் பிடிக்கப் பார்க்கிறது. மூட்டைக் கணக்கு துல்லியமாகிறது. ஆனாலும் மூட்டைக் கணக்குதான்.

இஎல்எஃப் பரிசோதனையில் பி3என்பியோடு டிம்ப்-1, ஹயலூரானிக் அமிலம் இரண்டும் சேர்கின்றன. டிம்ப்-1 நாரைக் கரைக்கும் என்சைம்களின் கையைக் கட்டிப்போடுகிற புரதம். ஹயலூரானிக் அமிலமோ புரதமே அல்ல, சர்க்கரைச் சங்கிலி. பழக்கதோஷத்தில் புரதப் பட்டியலில் எழுதிக்கொண்டிருக்கிறோம், இந்த இதழும் விலக்கல்ல. அது ஏறுவதற்கு ஸ்டெல்லேட் செல்கள் கூடுதலாகச் சுரப்பது ஒரு காரணம். ரத்தத்திலிருந்து அதை அள்ளியெடுக்கும் சைனுசாய்டு எண்டோதீலியல் செல்கள் தளர்ந்துபோவது இன்னொன்று. சாப்பிட்டாலும் ஏறும். காலை டிபனை முடித்துவிட்டு வந்து கை நீட்டுபவரின் எண்ணும் வெறும் வயிற்றில் வந்தவரின் எண்ணும் ஒன்றல்ல. நம் லேப் சீட்டுகளில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

வரம்புகளையும் பாருங்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் கொழுப்பு ஈரல் நோயில் முற்றிய ஃபைப்ரோசிஸுக்கு இஎல்எஃப் 10.51 என்றது. அமெரிக்க எஃப்டிஏ 2021இல் அதே பரிசோதனைக்கு அனுமதி தந்தபோது பேசப்பட்டவை 9.8, 11.3. அந்த அனுமதியும், ஏற்கெனவே முற்றிய ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் நோய் இனி எப்படிப் போகும் என்று கணிக்கத்தான். யாருக்கு எந்த ஸ்டேஜ் என்று முத்திரை குத்த அல்ல. மூட்டைக் கணக்குக்குப் பொருத்தமான வேலை அதுதான் என்பது என் கருத்து.

யாரிடம் பரிசோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தும் எண்ணின் பொருள் மாறும். உணர்திறன், தனித்தன்மை இரண்டும் 80 சதவீதம் உள்ள ஒரு மார்க்கர் என்று வைத்துக்கொள்வோம். ஈரல் சிறப்பு ஓபிக்கு வரும் 1,000 பேரில் 300 பேருக்கு முற்றிய தழும்பு இருந்தால், பாசிட்டிவ் 380 பேர். அவர்களில் 240 பேருக்கு, அதாவது 63 சதவீதத்தினருக்கு, நோய் உண்டு. அதே மார்க்கரைச் சர்க்கரை நோய் முகாமுக்குக் கொண்டுபோங்கள். 1,000 பேரில் 50 பேருக்குத்தான் நோய் என்றால், பாசிட்டிவ் 230 பேரில் உண்மையானவர்கள் 40, வெறும் 17 சதவீதம். நெகட்டிவ் வந்த 770 பேரில் தப்பிப்போனவர்களோ 10 பேர்தான். முகாமில் ‘இல்லை’ என்பதை நம்பலாம். ‘உண்டு’ என்று வந்தால் அடுத்த பரிசோதனைக்கு எழுதலாம், நோயாளியைக் கலங்கடிக்கக் கூடாது.

‘பயாப்சியோடு ஒப்பிட்டால் மார்க்கர் தோற்கிறது’ என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. ஊசி எடுக்கும் துணுக்கு ஈரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. அளவுகோலே தடுமாறும்போது, குறையே இல்லாத மார்க்கர்கூட ஆர்ஓசி பரப்பில் 0.90-ஐத் தாண்டுவது அரிது என்று 2009இல் ஜர்னல் ஆஃப் ஹெபடாலஜியில் கணக்குப் போட்டே காட்டினார்கள். 0.85 என்ற எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்த இதழுக்கு மார்க்கர் ஆய்வுகளை அனுப்பும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ரத்தம் வெறும் வயிற்றில் எடுத்ததா, முந்தைய வாரங்களில் காய்ச்சல் இருந்ததா, குடியை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று, இரண்டுங்கெட்டான் இடத்தில் விழுந்தவர்கள் எத்தனை பேர் ஆகிய விவரங்களை எழுதியனுப்புங்கள். கடைசியில் சொன்ன கூட்டத்தைக் கழித்துவிட்டுப் போட்ட சதவீதங்களை இனி அச்சிடுவதாக இல்லை.