குடிகாரன் யார்? துரை எழுதிவைத்த நம் முகம்

"தோட்டத்து ஆளா? குடிகாரனாகத்தான் இருப்பான்." ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ்க் குடும்பம் உண்டா? பிறர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. நாமே நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும்போது வருவதில்லை.

1896-இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். தோட்டங்கள் பெருகின, நம்மவரைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கூடவே வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் நம்மைப் பற்றி ஒரு சித்திரம் தீட்டினார்கள். தமிழன் குழந்தை மாதிரி, மேய்க்க ஆள் வேண்டும். கள் இருந்தால் போதும். பெண் விஷயத்தில் ஒழுக்கம் கிடையாது.

தன்னிடமுள்ள அசிங்கத்தை ஒப்புக்கொள்ள முடியாதவன் அதை அடுத்தவன்மேல் ஏற்றிப் பார்ப்பான் என்கிறது மனோதத்துவம். நம் பாட்டிமார் இதைக் காமாலைக் கண் என்பார்கள்.

சாட்சிக்கு அவர்கள் கதைகளையே கூப்பிடலாம். சாமர்செட் மாம் 1926-இல் வெளியிட்ட 'தி கேசுவரினா ட்ரீ' தொகுப்பில், போர்னியோவில் ஆட்சி செய்யும் வெள்ளை அதிகாரி குடித்தே கெடுகிறான். கடைசியில் மனைவியே அவனைப் பாராங் கத்தியால் கொல்கிறாள். இன்னொரு கதையில் ஓர் அதிகாரி உள்ளூர்ப் பெண்ணிடம் பிள்ளைகள் பெற்று, அவளைத் தள்ளிவிட்டு இங்கிலாந்தில் பெண் எடுக்கிறான். அந்தோணி பர்ஜஸின் 1956 நாவலுக்குத் தலைப்பே டைகர் பீரிலிருந்து வந்தது. அதில் வரும் வெள்ளைப் போலீஸ் அதிகாரிக்கு எந்நேரமும் பீர் கவலைதான். கிளப்பில் விஸ்கி குடித்தால் அலுப்பு தீர, லயத்தில் கள் குடித்தால் இனத்தின் குணம்!

லயத்துக்காரன் என்ன கேட்டான் என்று பாருங்கள். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்களிடம் வெள்ளையர்களும் அதிகாரிகளும் முறைகேடாக நடப்பதை நிறுத்து, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு, துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம். இவையெல்லாம் அந்தக் கோரிக்கைகளில் இருந்தவை. கடையை மூடச் சொன்னவன் 'குடிகாரன்', லைசென்ஸ் கொடுத்தவன் நாகரிகக்காரனா? பதிலுக்கு வந்தது ராணுவம். தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள்.

1950-இல் மன்னோனி என்ற பிரெஞ்சுக்காரர், வெள்ளையன் தன் மனப்பயத்தை அடிமை நாட்டவன்மேல் ஏற்றிப் பார்க்கிறான் என்று எழுதினார். அதோடு நிற்காமல், அடிமை நாட்டவனுக்கே சார்ந்து வாழும் மனம் உண்டு என்றும் சேர்த்தார். பாதி உண்மை கண்டவர் மீதியைத் தாமே மறைத்துக்கொண்டார். 1952-இல் ஃபனான் அதை மறுத்தார். கிள்ளான் பாட்டாளிகள் அதற்கு முன்பே மறுத்துவிட்டார்கள்!

துரை போய்விட்டார், சொல் போகவில்லை. லாக்கப்பில் அடிபட்ட நம் பையனுக்காக நான் போய் நின்றால், "குடித்திருந்தானா?" என்பதுதான் பல நேரம் முதல் கேள்வி. அதைவிட வலிப்பது, கேட்காமலே "எங்க பசங்க அப்படித்தான் சார்" என்று தாயே சொல்வது.

அம்மா, அப்படிச் சொல்லாதீர்கள். பார்த்ததை மட்டும், உண்மையாகச் சொல்லுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112-வது பிரிவின்படி, போலீஸ் எழுதிய வாக்குமூலத்தை நீங்கள் பேசிய மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும், திருத்த வாய்ப்பும் தரவேண்டும். தமிழில் சொன்னீர்களென்றால் தமிழில் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதது அதில் இருந்தால், திருத்திய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.