கொம்பு எங்கே போச்சு?

"அக்கா, ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அடிச்சுப் பார்த்துட்டேன். கொம்பு மட்டும் நிக்க மாட்டேங்குது!" காலையிலேயே வந்து நின்றாள் பக்கத்து வீட்டுப் பெண். கண்கள் சிவந்திருந்தன.

எங்கள் சிவகாசியில் ஒரு காலத்தில் திண்ணைக்குத் திண்ணை தீப்பெட்டி ஒட்டுவார்கள். இவள் அம்மாவும் ஒட்டியவள்தான். இவளோ கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள். மாதா மாதம் பணம் கட்டும் சாஃப்ட்வேருக்கு வசதியில்லை. இலவசமாகக் கிடைத்த ஒன்றைப் போட்டிருந்தாள். பூ, பார்டர், கலர் எல்லாம் அழகாக வந்தன. 'செல்வன்', 'செல்வி' என்று அடித்தால் மட்டும் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது!

"எனக்குத்தான் அடிக்கத் தெரியலையோ?" என்றாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சகோதரிகளே, தப்பு அவளுடையதல்ல. யூனிகோடு முறையில் கம்ப்யூட்டர் முதலில் 'ச'வையும், பிறகு கொம்பையும் சேமித்து வைக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது சாஃப்ட்வேரின் பொறுப்பு. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். ஆனால் ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் இதற்கான வசதி 2017-ல், 1.5.3 என்ற சோதனைப் பதிப்பில்தான் வந்தது. நிலையான 1.6 பதிப்பு வந்ததோ 2024 ஜனவரியில்! பல நாட்டு ஆர்வலர்கள் கூடிச் செய்து கொடுப்பதைக் குறை சொல்ல மனம் வரவில்லைதான். ஆனாலும் அன்னதானச் சாப்பாடானாலும் உப்பு வேண்டாமா?

இவளிடம் இருந்ததும் பழைய பதிப்புதான். புதியதைப் போட்டதும் கொம்பு முன்னால் வந்து நின்றது. அதற்குள் அந்த வேலை வேறு கடைக்குப் போய்விட்டது.

இப்படி வேலை செய்கிற பெண்களுக்குச் சில யோசனைகள்:

1. புது சாஃப்ட்வேர் போட்டதும் கெ, கே, கை, கொ, கோ, கௌ, ஸ்ரீ என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். அதன் பிறகே ஆர்டர் வாங்குங்கள்.

2. பி.டி.எஃப். ஆக்கி, செல்போனிலும் திறந்து பாருங்கள். ஒரு பிரதி அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள்.

3. முடித்த வேலையைப் பென்டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

4. தவறு கண்டால் பதிப்பு எண்ணோடு, படமும் எடுத்து, செய்தவர்களுக்கு எழுதுங்கள். கொம்பு இடம் மாறியது தமிழ் படிக்கிற கண்ணுக்குத்தானே தெரியும்? நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

முக்கியமாக, எடுத்ததும் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்!