உல்லாசமும் சத்திரசிகிச்சையும்

சென்ற மாதம், முன்னாளில் என்னிடம் தமிழ் கற்ற மாணாக்கர் ஒருவர் கையிலே ஒரு சிறு பிரசுரத்துடன் வீட்டுக்கு வந்தார். இப்பொழுது அவர் கொழும்பிலே விளம்பர நிறுவனமொன்றிற் பணிபுரிகின்றார். வைத்தியத்தின் பொருட்டு வெளிநாட்டில் வாழ்வோரை, சிறப்பாகப் புலம்பெயர்ந்த நம்மவரை, இலங்கைக்கு அழைப்பது அப்பிரசுரம். அதன் தமிழைப் பார்த்துப் பிழை திருத்தித் தரல் வேண்டும் என்பது அவரது வேண்டுகோள். ஒற்றுப் பிழைகளைத் திருத்துவது எளிது. ஆயின், தலைப்பிலேயே என் எழுதுகோல் நின்றுவிட்டது. "வைத்திய உல்லாசப் பயணத்துக்கு உகந்த திருநாடு" என்று இருந்தது அது.

பிறநாடு காண வருவோரை உல்லாசப் பயணிகள் என்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றோம். கடலிற் குளிக்கவும் சிகிரியா ஏறவும் வருவோருக்கு அப்பெயர் பொருந்தும். இருதயத்தைத் திறந்து அடைப்பு நீக்கிக்கொள்ள வருவோனுக்கு அதில் என்ன உல்லாசம்? தமிழ்நாட்டார் வழங்கும் 'சுற்றுலா' ஆகுமோ என்றார் மாணாக்கர். உலா என்பது நம் பிரபந்த வகைகளுள் ஒன்று. தலைவன் பவனி வர, பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் கண்டு மயங்குவர். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளப்படுவோன் பவனி வருவதைக் கண்டு மயங்குவார் யார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு நீடிக்கவில்லை. ஏனெனில், அவ்வாறு தள்ளப்பட்ட நாற்காலி ஒன்றின் பின்னே யானே நடந்திருக்கின்றேன்.

எனது தமக்கையாருக்கு முழங்கால் மூட்டுத் தேய்ந்து, இரண்டாண்டுகளாகப் படியேற இயலாதிருந்தது. அரசினர் வைத்தியசாலையிற் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்ற காலம் அது. 2023 இல், அவரது மகன் கனடாவிலிருந்து பணம் அனுப்ப, பலாலியில் விமானமேறிச் சென்னைக்குச் சென்றோம். நோயாளிக்கு வைத்திய விசா; உடன் செல்வோனாகிய எனக்கு வேறொரு விசா. அங்குள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. குறை சொல்லலாகாது, சத்திர வைத்தியர் வல்லவர், நம் மொழியிலேயே நோயைக் கேட்டறிந்தார், தாதியரும் அன்புடையவர். வைத்தியசாலைக்கு அணித்தே ஒரு விடுதியில் அறை எடுத்து, சிறு அடுப்பிற் கஞ்சி காய்ச்சினேன். அடுத்த அறையிலே மாலைதீவிலிருந்து வந்த தாயும் மகளும். எதிர் அறையிலே வங்காளதேசத்து முதியவர் ஒருவர். எங்களுள் ஒருவரேனும் மெரீனாக் கடற்கரையைக் கண்டவரல்லர்.

ஊர் மீண்ட மூன்றாம் வாரத்திலே காய்ச்சல் கண்டது. புண் சிவந்து சீழ் வடிந்தது. சென்னையிற் கொடுத்த தாள்களை எடுத்துக்கொண்டு, முன்னர்க் காத்திருக்க மனமின்றி விட்டுச்சென்ற அதே அரசினர் வைத்தியசாலைக்கு ஓடினோம். இளம் வைத்தியர் ஒருவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே வைத்த செயற்கை மூட்டு எவ்வகையினது என்பது அவற்றில் இல்லை. சென்னைக்குத் தொலைபேசி எடுத்தோம். எங்களை அழைத்துச் சென்ற தரகர்தாம் பேசினார். மீண்டும் வருவதாயின் புதிய தொகுப்புக் கட்டணம் எவ்வளவு என்று இனிமையாக எடுத்துரைத்தார். பன்னிரண்டு நாள் கட்டிலில் வைத்துப் பார்த்து, ஒரு சதமும் வாங்காது அனுப்பியவர்கள் நம்மூர் வைத்தியரும் தாதியருமே. தமக்கையார் இன்று நடக்கின்றார்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிபுரிவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். இக்காலத்தார் தரகர் என்று ஐந்தாவது ஒன்றைக் கூட்டினர். பிழை அவரது இனிய பேச்சில் இல்லை. கடல் கடந்து செய்யும் வைத்தியத்தின் இயல்பிலேயே இருக்கின்றது. கத்தி எடுத்தவர் ஒரு நாட்டிலும், புண் ஆற்றுபவர் வேறொரு நாட்டிலும் இருந்தால் இருவருக்கும் இடையே பொறுப்பு நழுவி விழும். இன்று நாம் வெளிநாட்டாரை அழைக்கப் புறப்பட்டால், நாளை நாமே அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்போம். பிரசுரத்திலே கடலும் தென்னையும் புன்னகைக்கும் தாதியும் இருக்கின்றனர். ஊர் திரும்பியபின் புண் புரையோடினால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

நிற்க. பிறநாடுகள் இதில் இறங்கிய வரலாற்றையும் நோக்குவோம். 1997 இல் தாய்லாந்தின் நாணயம் வீழ்ந்தபோது, பாங்கொக்கின் தனியார் வைத்தியசாலைகளிற் கட்டில்கள் வெறிதாயின, உள்நாட்டாரிடம் பணமில்லை. அக்கட்டில்களை நிரப்பவே அவை வெளிநாட்டாரை நாடின. பின்னர் வணிகம் செழித்தது. கிராமத்து அரசினர் வைத்தியசாலைகளிலிருந்து வைத்தியர் நகரத் தனியார் மனைகளுக்கு ஈர்க்கப்படுகின்றனர் என்ற கவலையும் உடன் வளர்ந்தது. இந்தியாவோ, 2002 ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையிலே, கட்டணம் பெற்று வெளிநாட்டு நோயாளருக்குச் செய்யும் வைத்தியத்தை ஏற்றுமதிக்கு ஒப்பாகக் கொண்டு சலுகை அளிக்கலாம் என்று எழுதியது. தேயிலை, புடைவை என்னும் வரிசையில் வைத்தியமும் ஏறிற்று. ஏற்றுமதிப் பண்டமானால் எல்லைக் கதவுக்கும் அது கட்டுப்படும். 2024 ஓகஸ்டில் வங்காளதேசத்து ஆட்சி கவிழ்ந்தபின் இந்திய விசா வழங்கல் சுருங்கியது. கொல்கத்தா வைத்தியசாலைகளுக்கு வருவோர் தொகை குன்றியது. வைத்தியசாலைக்கு நேர்ந்தது வருவாய் இழப்பு. பாதி வைத்தியம் முடித்துவிட்டு அடுத்த தவணைக்குக் காத்திருந்த நோயாளிக்கு நேர்ந்ததை எவ்வேட்டில் எழுதுவது? எதிர் அறை முதியவரை அப்பொழுது நினைத்துக்கொண்டேன்.

இனி நம் நாடு. அரசினர் வைத்தியசாலையிலே கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை இலவசக் கல்வியோடு ஒருங்கு எண்ணத்தக்க நம் பெரும் பேறு. வருவாயில் நம்மினும் மிக்க நாடுகள் சில எட்டாத நிலையைத் தாய் சேய் நலத்தில் நாம் எட்டினோம். எனினும், 2022 மார்ச்சு மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே மருந்தின்மையால் முன்குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்ததையும் மறத்தல் இயலாது. தன் மக்கள் அயல்நாட்டுக்கு எதைத் தேடிப் போகின்றனரோ, அதையே பெற்றுக்கொள்ள வாரும் என்று அயல்நாட்டாரை அழைப்பது, வீட்டார் பசித்திருக்க விருந்துக்கு ஓலை போக்குவதை ஒக்கும். கட்டடம் எழுப்பலாம், கருவி வாங்கலாம். மயக்கமருந்து நிபுணரை இறக்குமதி செய்தல் எளிதன்று. கொழும்பிலே வெளிநாட்டாருக்கென ஒரு மனை திறந்தால், அங்கே நிற்கும் நிபுணர் மன்னாரிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோதான் வந்திருப்பார்.

அந்நியச் செலாவணி வேண்டாவோ என்பர் சிலர். வேண்டும்; பெற்றோல் வரிசையில் யானும் நின்றவன். வெளிநாட்டார் தரும் பணத்தால் நிபுணருக்கு நல்ல ஊதியம் கிடைப்பின் அவர் நாட்டை விட்டுப் போகார் என்பதும் அவர் வாதம். அதில் உண்மை உண்டு. கொழும்பிலே தங்கும் வைத்தியர் மெல்பேணுக்குப் போன வைத்தியரினும் நமக்கு அணுக்கமானவரே. ஆனால் அவர் வாரத்தில் எத்தனை நாள் அரசினர் வைத்தியசாலையில் நிற்பார் என்பதை முன்னரே சட்டத்தால் வரையறுத்தாலன்றி, அந்த வாதம் காகிதத்திலே நின்றுவிடும். பணம் முன்னே ஓடச் சட்டம் பின்னே நொண்டியதால் நேர்வதை நாம் ஒருமுறை கண்டுள்ளோம். சிறுநீரக வியாபாரம் ஒன்றை இந்தியப் பொலிசார் துருவியபோது அதன் தடம் கொழும்பை நோக்கியது; 2016 ஜனவரியில், தனியார் மனைகளில் வெளிநாட்டாருக்குச் செய்யும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையைச் சுகாதார அமைச்சு நிறுத்தி வைத்தது. அங்கே விற்கப்பட்டது வைத்தியம் அன்று, ஏழையின் உறுப்பு.

அழைக்கவே கூடாதென்பது என் கட்சியன்று. நம்மிடம் உள்ளதற்கு அழைக்கலாம். பேருவளை, பெந்தோட்டைக் கரையிலே ஜேர்மனியர் ஆயுர்வேதத்தை நாடிப் பல்லாண்டாக வருகின்றனர். மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டு வைத்தியசாலையின் இடிபாடும் கல்லாலான மருந்துத் தொட்டியும் இருக்கின்றன. வடக்கிலோ, செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அரசர் பெயராலே வழங்குகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 1860களில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, கலைச்சொல் ஆக்கி, நூல்களை மொழிபெயர்த்தார். பிரசுரத்திலே மிகிந்தலைக்குப் படம் இருந்தது; ஏனையவற்றுக்கு ஒரு சொல்லும் இல்லை. நம்மவரை அழைக்கும் தமிழ்ப் பிரசுரத்திலேயே இந்நிலை! ஆயினும் எண்ணெய் தேய்ப்பதையெல்லாம் வைத்தியம் என்று விற்கும் விடுதிகளையும், நாடி பார்த்து நோயறியும் பரம்பரை வைத்தியரையும் ஒரே பெயரில் அடக்குதல் ஆகாது. பதிவுபெற்ற வைத்தியர் இல்லாத மனைக்கு 'வைத்திய' என்னும் அடைமொழியை வழங்க அரசு இடங்கொடுத்தல் கூடாது.

சலுகை கேட்டு வரும் முதலாளிகளுக்கு விதிக்கத்தக்க நிபந்தனைக்கு முன்மாதிரியைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. தில்லியிலே அரசிடம் குறைந்த விலைக்கு நிலம் பெற்ற தனியார் வைத்தியசாலைகள், உள்நோயாளருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் வெளிநோயாளருள் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கும் ஏழையராயின் கட்டணமின்றி வைத்தியம் செய்தல் வேண்டும் என்பதை 2018 இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிற்று. இங்கும் வரிவிலக்கோ நிலமோ பெறும் மனைக்கு அத்தகைய கடமையை உடன்படிக்கையிலேயே எழுதலாம். வெளிநாட்டு நோயாளி வீடு திரும்புமுன் அவரது ஊர் வைத்தியருக்கு முழுக் குறிப்பும் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்றும் கேட்கலாம். பிரசுரத்தின் விளிம்பிலே இவ்விரண்டையும் பென்சிலால் எழுதி, 'உல்லாச' என்பதை அடித்து, 'வைத்தியப் பயணம்' எனத் திருத்தி மாணாக்கரிடம் கொடுத்துவிட்டேன். தலைப்பைத் தம் மேலாளர் ஏற்பார் என்றும், விளிம்பில் எழுதியதைப் பற்றிச் சொல்ல இயலாதென்றும் அவர் கூறிச் சென்றார்.