மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

வீட்டுக் கடன் கேட்டு வருபவரிடம் வங்கிக்காரர்களான நாம் முதலில் கேட்பது பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை அவர் எழுந்து போன பிறகுதான் எடுக்கிறோம். மதிப்பெண் 650 என்று வந்தால் "சிபில் இடிக்குது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எந்தக் கடன் இடிக்கிறது, எந்த மாதத் தவணை, அதைச் சரிசெய்ய வழி உண்டா என்று எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. அதற்குள் அவர் மனைக்கு முன்பணம் கொடுத்திருப்பார். கிரயத் தேதி நெருங்கும், பணம் புரளாது, கடைசியில் மீட்டர் வட்டிக்காரரிடம் போய் நிற்பார். அதிக வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. அந்தச் சட்டம் தேவைப்படும் இடத்துக்கு ஒருவர் போய்ச் சேர்வதில் நம் ஒற்றை வரிப் பதிலுக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும் என்கிறோம். கடன் அறிக்கை முதலில், ஆவணங்கள் பிறகு. அதுவும் மனு கொடுப்பதற்கு ஆறு மாதம் முன்பே, மனுதாரரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்க வேண்டும்.

தேனி மாவட்டத்தில் இதன் தேவை கூடுதல். இங்கே வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்தது. ஆனால் காமயகவுண்டன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் கொடி வைத்திருப்பவருக்குப் பணம் அறுவடைக்கு அறுவடைதான் கைக்கு வரும். போடியை நம்பியிருக்கும் ஏலக்காய்த் தோட்டக்காரர் நிலை இன்னும் கடினம். 2019-ல் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போன காய், 2022-ல் 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கிய வண்டிக் கடனும் தோட்டக் கடனும் விலை விழுந்தபோது தவணை தவறின. கடன் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்பது கடன் தகவல் நிறுவனங்களுக்கான விதி. ஆகவே அந்த வீழ்ச்சியின் தழும்பு இன்றைய அறிக்கைகளிலும் தெரிகிறது. எந்த ஆண்டில் தவறியது என்று பார்க்கத் தெரிந்த அதிகாரி, அந்த மனிதரைத் தவணை கட்டாதவர் என்று எழுதமாட்டார். அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிக் கட்டினார் என்று பார்ப்பார்.

நகைக் கடனைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். "நகைதான் உங்ககிட்ட இருக்கே, அப்புறம் என்ன சார்?" என்ற கேள்வியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஓராண்டுக் கெடு முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, வெள்ளாமைப் பணம் வந்த பிறகு வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பது இங்கே வழக்கம். நகை பத்திரமாக இருக்கிறது, வங்கிக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதமும் அறிக்கையில் நிலுவை நாட்களாக ஏறுகின்றன. வாழ்நாளில் ஒரு ரூபாய்கூட ஏமாற்றாதவருடைய மதிப்பெண் இப்படித்தான் சரிகிறது. நகைக் கடன் கொடுக்கும் மேசையிலேயே இதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். நாம் சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு குறையும் இருக்கிறது. கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. அதனால் விவசாயிகள் வேறெந்தக் கடனையும்விட அதை ஒழுங்காகக் கட்டுகிறார்கள். ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு வெளியே நிற்பவை. அங்கே ஆண்டுக்கணக்கில் சரியாகக் கட்டிய வரலாறு பெரும்பாலும் சிபிலில் ஏறுவதில்லை. ஒருவருடைய மிகச் சிறந்த பழக்கம் காகிதத்தில் இல்லாமலும், மிக மோசமான மூன்று மாதம் காகிதத்தில் பதிந்தும் போகிறது. சங்கத்தின் கணக்குப் புத்தக நகலை வாங்கி மனுவோடு இணைப்பதற்கு எந்த விதியும் தடையில்லை. கடன் குறிப்பில் அதை ஒரு பத்தியாக எழுதுவது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது அடுத்தவர் கடன். மச்சினன் டிராக்டருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, மகனுடைய கல்விக் கடனில் கூட்டாகப் போட்ட கையெழுத்து. நான்கு லட்சம் ரூபாய் வரையான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்பதில்லை. பெற்றோரே கூட்டுக் கடனாளி. படிப்பு முடித்த பையன் வேலை தேடிச் சென்னைக்கோ திருப்பூருக்கோ போய்விடுவான். வங்கிக் கடிதம் தேவாரத்து வீட்டுக்கு வந்து அலமாரியில் கிடக்கும். பத்து ஆண்டு கழித்துத் தந்தை வீட்டுக் கடன் கேட்கும்போதுதான் அது வெளிவரும். இதே கடன் பையனுடைய அறிக்கையிலும் இருக்கும் என்பதால், தந்தைக்குப் பதில் மகன் பெயரில் மனு போடலாம் என்ற யோசனையும் பலிக்காது.

பெயர்க் குழப்பம் நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை. பான் அட்டையில் இனிஷியல் விரிந்து தந்தை பெயராக நிற்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக நிற்கும், பிறந்த தேதி பள்ளியில் சேர்த்தபோது போட்டதாக இருக்கும். ஒரே பெயரும் ஒரே ஊரும் கொண்ட இன்னொருவர் கடன் இவர் அறிக்கையில் வந்து ஒட்டிக்கொள்வது இப்படித்தான். இதைத் திருத்த வழி இருக்கிறது. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு கிடைக்க வேண்டும். அதில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டு, 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. குறையும் என்று நம்பிப் பார்க்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர்.

மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடியது வேறு. ஒரே மனுவைக் கடன் முகவர் ஒருவர் ஒரே வாரத்தில் ஐந்தாறு நிறுவனங்களில் லாகின் செய்வது. ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும். அவசரப் பணத்துக்கு அலைபவர் என்ற தோற்றம் வரும். முகவர்களை நியமிப்பது நாம்தான் என்பதால் அவர்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பும் நம்முடையதே.

செட்டில்மென்ட் விஷயத்தில் வசூல் பிரிவினர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. நிலுவை 80,000 ரூபாயை 45,000-க்கு முடித்துத் தருகிறோம் என்னும்போது கடனாளி நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார். அறிக்கையில் அது "முடிந்தது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். வீட்டுக் கடன் மேசையில் அது ஏறக்குறைய வாராக்கடனைப் போலவே பார்க்கப்படும். இதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே அப்படி முடித்தவர், விட்டுப்போன பாக்கியையும் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்று, பதிவை மாற்றக் கேட்கலாம்.

ஆறு மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இவைதான். பிழை திருத்தத்துக்கு ஒரு மாதம். பழைய பாக்கியைக் கட்டி அது பதிவில் ஏற இன்னும் சில வாரம். 2025 ஜனவரி 1 முதல் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால் இது முன்பைவிட வேகமாக நடக்கிறது. மீதி மாதங்கள் தவணைகளைத் தவறாமல் கட்டிக் காட்டுவதற்கு. அறுவடை வருமானக்காரர் மூன்று மாதத் தவணைத் தொகையைத் தனியே சேமிப்புக் கணக்கில் நிறுத்திவைத்துப் பழக வேண்டும். பயிர்க்கடனில் சாகுபடிப் பருவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக் கடனில் 90 நாள் தாண்டினால் வாராக்கடன். இந்த வேறுபாட்டை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வரலாறே இல்லாதவர் விஷயம் தனி. விடியலில் ஜீப் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போய் ரொக்கக் கூலி வாங்கும் குடும்பங்களில் பலருக்கு அறிக்கை வெறுமையாகவே இருக்கும். முதன்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6 தேதியிட்ட நெறிமுறையில் அறிவுறுத்தியிருக்கிறது. கடன் மனுவுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை என்று ஒன்றிய அரசும் அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. மகளிர் குழுவில் அந்த வீட்டுப் பெண் கட்டிய தவணைகளையும், சேமிப்புக் கணக்கின் ஓராண்டு நடமாட்டத்தையும் பார்த்தாலே முடிவெடுக்க நிறையக் கிடைக்கும்.

கிளை மேலாளர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வாரத்தில் ஒரு பிற்பகலை, கடன் கேட்காதவர்களும் வந்து அறிக்கையைப் படித்துக்கொள்ள ஒதுக்குங்கள். மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வந்து பாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். அப்படியும் மறுக்க நேர்ந்தால், எந்தக் கடன், எந்த மாதம் என்று குறிப்பிட்டுக் காரணத்தைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.