நம் நிலத்தின் கணக்கை நாமே எழுதுவோம்
கொள்கைப் பிரகடனம்

1802-ஆம் ஆண்டு பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் பிறந்தது. வரி தண்டவும் படை நடத்தவும் கம்பெனி ஆட்சிக்கு இந்த மண்ணின் அளவு தேவைப்பட்டது. மண்ணில் உழைத்தவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வெள்ளையர் போனார்கள்; சங்கிலி கைமாறியது; வழக்கம் மாறவில்லை. வரைபடத்தில் இல்லாதவர் வழக்கிலும் தோற்கிறார், வாழ்விடத்தையும் இழக்கிறார். இதை மாற்றவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்களைக் கூட்டிய இரண்டு அநீதிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் தந்த அறிக்கையின் விளைவாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது; அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்ணுக்கு நேரே ‘டி.சி.’ (ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற குறிப்பு இருக்கும். அதே எண்ணுக்கு இன்றைய சிட்டாவை எடுத்துப் பாருங்கள்: பல இடங்களில் நிலம் உட்பிரிவுகளாக உடைந்திருக்கும், பட்டா வேறு பெயருக்குப் போயிருக்கும், குறிப்பைக் காணோம். இந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994-இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர்.

இரண்டாவது, எண்ணூர்க் கழிமுகம். மத்திய அரசு ஒப்புதல் தந்த 1996-ஆம் ஆண்டு கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் அந்தக் கழிமுகம் சுமார் 6,500 ஏக்கர் பரப்புக்கு இருந்தது. பின்னாளில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது வந்த வரைபடத்தில் கழிமுகமே இல்லை. மீனவர் இறால் பிடித்த நீர்ப்பரப்பைத் தாளில் அழித்துவிட்டால், அங்கே மண் கொட்டத் தடை ஏது? மீனவரும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து 2017-இல் ஊரறியச் செய்தார்கள். நாங்கள் செல்லும் வழியும் அதுவே.

ஆகவே நாங்கள் அறிவிக்கிறோம்:

1. வாழ்பவரே வரைவர். மேய்க்கால், வண்டிப்பாதை, வலை உலர்த்தும் மணல், ஏரியின் வரத்துக்கால் ஆகியவை ஊர் மக்கள் வழங்கும் பெயரோடு வரைபடத்தில் ஏறும். ஆவணத்தில் ‘புறம்போக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்ட பொது நிலம் ஒவ்வொன்றையும் அதன் பயன்பாட்டோடு குறிப்போம்.

2. ஆதாரம் இல்லாத கோடு ஒன்றும் போட மாட்டோம். பதிவேட்டு நகல், நேரில் எடுத்த அளவு, ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் என ஒன்றோடு ஒன்று பொருந்திய பிறகே அச்சேற்றுவோம். எங்கள் கணக்கை நீதிமன்றமும் எதிராளியும் சோதித்துப் பார்க்கட்டும்.

3. சாதியை மறைக்க மாட்டோம். குடிநீர்த் தொட்டி, பள்ளி, பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை ஆகியவை ஊரிலிருந்து எவ்வளவு தூரம், சேரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளப்போம். சுடுகாட்டுக்குப் பாதை யாருக்கு இருக்கிறது, பிணத்தைச் சுமந்து வயல் வரப்பில் நடப்பவர் யார் என்று குறிப்போம். சராசரி எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பாகுபாட்டைத் தெருவாரியாக வெளிக்கொணர்வோம்.

4. பட்டாவில் பெண் பெயர் உள்ளதா என்பதைத் தனியாகக் கணக்கெடுப்போம். நாற்று நடுபவர் பெயர் ஆவணத்தில் இல்லாத நிலை தொடரக் கூடாது.

5. தகவல் தந்தவரே அதன் உரிமையாளர். புகார் சொன்னவரின் வீட்டையோ, மீனவர் தலைமுறையாகக் காக்கும் மீன்பார்களையோ பொதுவெளியில் வைக்க மாட்டோம். எதை வெளியிடுவது என்று ஊர் கூடி முடிவெடுக்கும். வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் ஆவண நகலைக் கேட்டுப் பெறும் உரிமை தந்தது. பொதுவாக வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டுதல் சொல்கிறது. தோராயமான முதல் அளவை எடுக்க இன்று கையில் இருக்கும் செல்போனே உதவும். இனி தேவை துணிவும் ஒற்றுமையும்.

அரசிடம் எங்கள் கோரிக்கை: பழைய ‘அ’ பதிவேடுகளையும் புலப்படங்களையும் மாற்றாமல் அப்படியே இணையத்தில் ஏற்றுங்கள். பஞ்சமி நிலங்களின் சர்வே எண் பட்டியலைக் கிராமவாரியாக வெளியிடுங்கள். கடற்கரை வரைபடங்களை மீனவர் ஊர்களில் வைத்து ஒப்புதல் பெறுங்கள்.

தோழர்களே, நில அளவை தெரிந்தவர்கள், கணினி அறிந்த இளைஞர்கள், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள், ஊர் எல்லையை மனப்பாடமாய் அறிந்த மூத்தவர்கள் அனைவரும் வாருங்கள். உங்கள் ஊரின் ஒரே ஒரு சர்வே எண்ணில் தொடங்குங்கள். பழைய பதிவேட்டையும் புதிய சிட்டாவையும் ஒப்பிடுங்கள். முரண்பாட்டை எழுதி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.