கையும் கருவியும்

கணினிக்குரிய நிரலை மனிதன் தன் கையால் எழுதல் வேண்டுமோ, அன்றிச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடலாமோ என்னும் வினா இந்நாளில் மாணாக்கரிடையே ஓயாது எழுகின்றது. கருவியே போதும் என்பர் ஒரு சாரார். அதனைத் தொடுதலே இழுக்கு என்பர் மற்றொரு சாரார். தொழிலில் முதிர்ந்தோரோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு வழியில் நடக்கின்றனர்.

கூடலூரை அடுத்த ஓவேலி என் ஊர். அங்குத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பெருகுங்காலத்துக் கத்தரியால் வெட்டுதலும், குறையுங்காலத்து இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கையாற் கிள்ளுதலும் உண்டு. கத்தரி விரைவுடையது, ஆயின் முற்றிய இலையையும் இளந்தளிரையும் அது வேறுபிரித்தறியாது. பல்லாண்டு கையாற் கிள்ளிப் பழகிய பெண்ணோ, எம்மட்டத்தில் வெட்டுவது, வெட்டியவற்றுள் எதனைக் கழிப்பது என்பவற்றை அறிவாள். அவ்வறிவு கத்தரி தந்ததன்று. அவள் விரல்கள் தந்தது.

நிரல் எழுதுந் தொழிலும் இத்தகையதே. கிட்ஹப் கோபைலட் 2021-ஆம் ஆண்டில் வெளிவந்தபின் இத்தகைய கருவிகள் பல தோன்றின. அனுபவமிக்க நிரலாளர் பலர் சோதனை நிரல்களையும், ஒருமுறை பயன்படுத்திக் களையும் சிறு நிரல்களையும் கருவியிடம் விடுகின்றனர். பணக்கணக்கு, கடவுச்சொற் காப்பு, தொகுதியின் அடிப்படை அமைப்பு ஆகியவற்றில் தாமே கைவைக்கின்றனர். கருவி எழுதியதையும் வரிவரியாகப் படித்த பின்னரே ஏற்கின்றனர். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் இயற்றிய ஒலித்தொகுதியில் பைத்தான் மொழிப் பகுதியைக் கருவியால் எழுதுவித்ததாக 2026 ஜனவரியில் வெளிப்படையாகக் குறித்தார். ஆயினும் லினக்ஸ் கருவகத்திற்கு நிரல் அளிப்போர் தம் பெயரால் ஒப்பமிடல் வேண்டும் என்பது 2004 முதல் அங்குள்ள வழக்கம். எழுதியது எதுவாயினும், பொறுப்பேற்பவன் மனிதனே.

விரைவைப்பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவிலுள்ள மீட்டர் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர் 2025-இல் தேர்ந்த நிரலாளர் 16 பேரைக்கொண்டு 246 வேலைகளை ஆராய்ந்தனர். கருவியால் நேரம் 24 விழுக்காடு குறையும் என்று அவர்கள் முன்னர் எதிர்பார்த்தனர். முடித்தபின் 20 விழுக்காடு குறைந்ததாகவே நம்பினர். அளந்து பார்க்கவோ, 19 விழுக்காடு கூடியிருந்தது! கருவிகள் நாளும் வளர்தலின் இவ்வெண் மாறலாம். ஆயினும் தேர்ந்தோரே தம் வேகத்தைத் தவறாக மதித்தனரெனின், நம்மனோர் நிலை யாது?

யானும் பட்டறிந்தேன். சென்ற ஆண்டு கருவி எழுதிக்கொடுத்த நிரலொன்றைப் பயிற்சிக்கென அளித்தேன். அது பிழையின்றி ஓடிற்று. ஆசிரியர் ஒரு வரியைச் சுட்டி, இஃது ஈண்டு ஏன் நின்றது என வினவினார். விடைகூற வாயின்றி நின்றேன். என் பெயர் தாங்கிய தாளில் என் அறிவு சிறிதும் இல்லை.

வேலை தருவோர் விரைவைக் கேட்கின்றனரே, கையால் எழுதிப் பழகக் காலம் ஏது என்று நண்பர் வினவுவர். தோட்டக் கூலியாற் படிக்கும் மாணவர்க்கு அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் ஒன்று கருதுக. முன்னர்ப் புதியவர்க்கென ஒதுக்கப்பட்ட சிறு வேலைகளையே கருவி முதலிற் கவர்கின்றது. இன்றைய வல்லுநர் தேர்ச்சி பெற்றது அச்சிறு வேலைகளில் இடறி எழுந்தன்றோ? அக்களம் தொழிற்சாலையிற் குறையுமாயின், கல்லூரியே நமக்குக் களமாதல் வேண்டும்.

ஆதலின் கருவியைத் துறத்தல் வேண்டா; அதனைக் கையாளும் உரிமையை உழைத்துப் பெறுவோம். முதலிரண்டாண்டுகள் நம் கையால் எழுதி, பிழைத்து, திருத்திப் பழகுவோமாக. பிறர்க்கு விளக்க இயலாத ஒரு வரியின் கீழும் நம் பெயரை இடாதிருப்போமாக. கொழுந்தை அறிந்தவள் கையிற் கத்தரி நன்மை பயக்கும்; அறியாதவள் கையில் அது செடியையும் கெடுக்கும்.