என்ன மருந்து கொடுத்தீர்கள்?



உங்கள் கைக்குழந்தை இரவெல்லாம் இருமுகிறது. மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுகிறது. என்ன செய்வீர்கள்? மூத்த பிள்ளைக்குப் போன மாதம் வாங்கிய சிரப் அலமாரியில் பாதி பாட்டில் இருக்கும். அதில் அரை மூடி ஊற்றிக் கொடுப்பீர்கள். இல்லையென்றால் கடைத்தெருவுக்குப் போய், "சளிக்கு ஒரு டானிக் கொடுங்க" என்பீர்கள். அவர் எடுத்துத் தருவதை வாங்கி வருவீர்கள். பெயரைக்கூடப் படிக்க மாட்டீர்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். மேடையேறி ஊருக்கு உபதேசம் செய்கிற நான், என் வீட்டில் இதைத்தான் செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். என் கடைசி மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். நான் வெளியூர்க் கூட்டத்தில் இருந்தேன். "பிள்ளைக்கு சளி அதிகமா இருக்கு" என்று மனைவி போனில் சொன்னாள். "பெரியவனுக்கு வாங்கின மருந்து இருக்குமே, அதைக் கொடு. காலையில பாத்துக்கலாம்" என்றேன். அவள் கொடுத்தாள். பிள்ளை தூங்கிவிட்டது. அழுகை நின்றதே என்று நிம்மதியானோம்.

சுப்ஹுக்குச் சற்று முன் வீடு வந்து சேர்ந்தேன். பிள்ளையைத் தூக்கினால் தலை துவண்டு விழுகிறது. மூச்சு இழுக்கும் போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. பால் கொடுத்தால் வாய் பிடிக்கவில்லை. 108-க்குப் போன் செய்து, சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் அன்று எவ்வளவு நீண்டது என்பதை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனவர்கள் மட்டுமே அறிவார்கள்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன மருந்து கொடுத்தீங்க?"

"சளி மருந்து, டாக்டர்."

"பேர் என்ன? எத்தனை மில்லி?"

என்னிடம் பதில் இல்லை. பாட்டிலையும் எடுத்து வரவில்லை.

நுரையீரலில் கிருமித் தொற்று என்றார்கள். ஆக்ஸிஜன், ஊசி, டிரிப் என்று ஒன்பது நாள் இருந்தோம். தாய் உள்ளே, தகப்பன் வெளியே வராந்தாவில் துண்டை விரித்து. நோயை உண்டாக்கியது மருந்தல்ல. ஆனால் அதிலிருந்த தூக்கத் தன்மை நோயின் மயக்கத்தை எங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். நாங்கள் தூக்கம் என்று நினைத்த சில மணி நேரம் பிள்ளையின் உயிர் ஊசலாடிய நேரம்.

நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பெத்தவ கவனிச்சிருக்க வேணாமா?" என்றார்கள். என் மனைவி தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடுக்கச் சொன்னவன் நான். அதை அந்தக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. மவுனமாக இருந்துவிட்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்த மவுனம் மட்டும் இன்றும் என்னைக் குத்துகிறது.

பராசியாவின் தாய்மார்கள்

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்துப் பராசியாவிலிருந்து செய்தி வந்தது. சாதாரணச் சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் காட்டிய சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் திடீரென்று சிறுநீர் நின்றுவிட்டது. சிறுநீரகம் செயலிழந்தது. பெற்றோர்கள் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டயாலிசிஸ் செய்தும் பல பிள்ளைகள் திரும்பவில்லை. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மடிந்தார்கள். இந்துப் பிள்ளையும் போனது, முஸ்லிம் பிள்ளையும் போனது. விஷத்துக்கு ஏது மதம்?

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இருமல் மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரிக்கப்பட்ட இடம் நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம், சுங்குவார்சத்திரம். நிறுவனம் ஸ்ரேசன் பார்மா. அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு வெறும் 0.1 சதவீதம். வண்டிகளின் பிரேக் ஆயிலிலும் சேர்க்கிற இந்தப் பொருள் இனிப்பாக இருக்கும். அதனால் குழந்தை துப்பாது. மடக் மடக்கென்று குடித்துவிடும்.

இப்போது சொல்லுங்கள். அந்தத் தாய் என்ன தவறு செய்தாள்? நான் டாக்டரிடம் காட்டாமல் பழைய மருந்தைக் கொடுக்கச் சொன்னேன். அது என் தவறு. அவள் டாக்டரிடம் போனாள். எழுதிக் கொடுத்ததை வாங்கினாள். நேரம் தவறாமல் கொடுத்தாள். நல்ல தாய் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். ஆனாலும் "என் கையாலேயே கொடுத்தேனே" என்ற நினைப்பு அவளை ஆயுளுக்கும் விடாது. குற்றம் செய்தவர்கள் வேறு, குற்ற உணர்வைச் சுமப்பவர்கள் வேறு. இந்த அநியாயத்தைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியது யாரை?

மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்த ஓரிரு நாளில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குள் புகுந்து, மாதிரி எடுத்து, விஷத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பாராட்டுகிறோம். ஆனால் ஓரிரு நாளில் கண்டுபிடிக்க முடிந்த ஒன்றை, மருந்து ஆலையைவிட்டு வெளியேறும் முன்பே ஏன் கண்டுபிடிக்கவில்லை? அந்த ஆலையில் 300-க்கும் மேற்பட்ட குறைபாடுகள் இருந்ததாக அதன் பிறகுதானே வெளியே வந்தது! அவை ஒரே இரவில் முளைத்தவையா? உரிமையாளர் 2025 அக்டோபர் 9 அன்று கைதானார். அக்டோபர் 13 அன்று உரிமம் ரத்தானது. மருந்து ஆய்வாளர்கள் இருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். எல்லாம் கபன் துணி வாங்கிய பிறகு!

இது முதல் தடவையும் அல்ல. 1970-களின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே விஷம் கலந்த மருந்தால் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் குழந்தைகள். 2022-இல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகளின் மரணத்தோடு இந்திய சிரப் தொடர்புபடுத்தப்பட்டது. அமெரிக்காவில் 1937-இல் இதே விஷம் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டே அங்கே கடுமையான சட்டம் வந்தது. நாம் இன்னும் எத்தனை கப்ரு எண்ண வேண்டும்?

காம்பியாவுக்குப் பிறகு, ஏற்றுமதியாகும் இருமல் மருந்து அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்று 2023 ஜூன் 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. நல்லது. ஆனால் உள்நாட்டில் விற்கும் மருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் இருந்தபோதுதான் பராசியா நடந்தது. கப்பலேறும் பாட்டிலுக்கு இருந்த காவல் நம் வீட்டு அலமாரிக்கு வரும் பாட்டிலுக்கு இல்லை! சட்டத்தில் பல் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்படி, கலப்பட மருந்தால் உயிர் போனால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை உண்டு. பல் இருக்கிறது, கடிப்பதில்லை.

வியாபாரிகளே!

உங்களில் மருந்துக்கடை வைத்திருப்போர் பலர். படிக்கல்லில் ஒரு கிராம் குறைவதையும் நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கிராம் அரிசிக்கே அப்படியென்றால், ஒரு கைக்குழந்தையின் வாயில் போகும் ஐந்து மில்லிக்கு? இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி சிரப் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. சீட்டு இல்லாமல் கேட்கும் தகப்பனிடம், "இது பச்சப்புள்ள, டாக்டரிடம் காட்டுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அன்று எனக்கு அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அந்த எண்பது ரூபாய் வியாபாரம் போனால் போகட்டும். வாங்குவோருக்கு பேட்ச் எண் போட்ட பில் கொடுங்கள்.

பெற்றோர்களே!

பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டால், மூச்சில் விலா குழிந்தால், குடித்ததெல்லாம் வாந்தியானால், மணிக்கணக்கில் சிறுநீர் போகாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓதி ஊதுவது, துஆச் செய்வது எல்லாம் ஆம்புலன்ஸில் போகும்போதும் செய்யலாம். கொடுத்த மருந்துப் பாட்டிலையும் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். அது பிச்சையல்ல, உங்கள் உரிமை. நகையை அடகு வைக்க ஓடும் முன் அங்கே ஓடுங்கள்.

இளைஞர்களே!

அந்த ஒன்பது நாளில் எங்களுக்குச் சோறு கொண்டு வந்தது நம் ஊர்ப் பிள்ளைகள். இரவில் வெந்நீர் தந்தது பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் தகப்பனார், வடலூர்க்காரர், இந்து சகோதரர். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் ஜாதி கேட்பதில்லை. உங்கள் மஹல்லாவில் ஒரு பிள்ளை அட்மிட் ஆனால் இரண்டு பேர் போய் நில்லுங்கள். மருந்து வாங்கிவர ஒருவர், தகப்பன் ஒரு மணி நேரம் கண்ணயர ஒருவர். இரத்தம் தேவையென்றால் சட்டைக் கையை மடியுங்கள். அறிவுரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முக்கியமாக ஒன்று. அங்கே யாராவது அந்தத் தாயைப் பார்த்து, "நீ கவனிக்கலையா?" என்று ஆரம்பித்தால் நிறுத்துங்கள். நான் நிறுத்தவில்லை, நீங்கள் நிறுத்துங்கள்.

"என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று நாம் இனிக் கேட்க வேண்டியது தயாரித்தவனை, அனுமதித்தவனை, ஆய்வு செய்யாமல் கையெழுத்துப் போட்டவனை.

கேட்போம். பதில் வரும்வரை கேட்போம், இன்ஷா அல்லாஹ்!